ட்றவுட் ஓடைப் பூச்சிகள் கொழும்புக்குச் சொல்லும் செய்தி

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் பெருநாள் விடுமுறைகளும் வந்துவிட்டால் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாக நுவரெலியாவை நோக்கிப் புறப்படுவது வழமை. கிரகரி வாவியில் படகோட்டம், ஹக்கலைப் பூங்காவில் ஒரு சுற்று, ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு வரை ஒரு நடை, திரும்பும் வழியில் கரட்டும் லீக்ஸும் வாங்கிக் கட்டிய ஒரு மூட்டை என்று அந்தப் பயணம் நிறைவு பெறும். வழியில் எத்தனையோ ஓடைகளை அவர்கள் கடந்து செல்கின்றனர். அந்த ஓடைகளில் கிடக்கும் கல்லொன்றைப் புரட்டி அதன் அடியில் என்ன இருக்கின்றது எனப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

ஒரு காலத்தில் அந்த ஓடைகளின் கற்களைப் புரட்டிப் பார்ப்பதையே ஒரு கலையாகப் பயின்றவர்கள் இருந்தனர். அவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், தூண்டில்காரர்கள். ட்றவுட் எனும் மீனைப் பிடிப்பதற்காக ஓடைப் பூச்சிகளை இனங்காணக் கற்றுக்கொண்டவர்கள். பொழுதுபோக்கிற்காக வளர்ந்த அந்த அறிவு, இன்று உலகின் பல நாடுகளில் ஆற்று நீரின் தரத்தை அறிந்துகொள்ளும் மலிவான, நம்பகமான வழிகளுள் ஒன்றாக மாறியிருக்கின்றது. மலைநாட்டில் பிறக்கும் ஆறொன்றின் நீரைக் குடித்து வாழும் கொழும்பு மக்கள் அதனை அறிந்திருப்பது அவசியமாகும்.

மலைநாட்டிற்கு வந்த மீன்

ட்றவுட் நமது நாட்டு மீன் அன்று. பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் கோப்பித் தோட்டங்களையும் பின்னர் தேயிலைத் தோட்டங்களையும் நடத்திய வெள்ளைக்காரத் துரைமார், நுவரெலியாவின் குளிரில் தமது தாயகத்தின் சாயலைக் கண்டனர். அங்கு விட்டுவந்த பொழுதுபோக்குகளையும் இங்கு கொண்டுவர விரும்பினர். 1880களில் பழுப்பு ட்றவுட் மீனின் முட்டைகள் கப்பலில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள், வட அமெரிக்காவின் பசிபிக் கரையைப் பூர்வீகமாகக் கொண்ட வானவில் ட்றவுட்டும் வந்து சேர்ந்தது. 1896ஆம் ஆண்டு நுவரெலியாவில் இலங்கை மீன்பிடிக் கழகம் தோற்றம் பெற்றது. பழுப்பு ட்றவுட் இங்கு நிலைபெறாத போதிலும், வானவில் ட்றவுட் ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் தானாகவே இனம்பெருக்கி நிலைத்துவிட்டது.

இது இலங்கைக்கு மாத்திரம் உரிய கதையன்று. தமிழ்நாட்டின் நீலகிரியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே முயற்சி நடைபெற்றது. உதகமண்டலத்திற்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் ட்றவுட் குஞ்சு பொரிப்பகமொன்று அமைக்கப்பட்டது. காஷ்மீரத்து ஆறுகளுக்கும் இந்த மீன் அதே காலப்பகுதியிலேயே சென்றது. குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த, வேகமாக ஓடும் நீர் எங்கெல்லாம் கிடைத்ததோ அங்கெல்லாம் துரைமார் ட்றவுட்டைக் கொண்டுசென்றனர். அந்த நிபந்தனைகளை மனதில் இருத்திக்கொள்வது நல்லது. ஏனெனில், ட்றவுட் உண்ணும் பூச்சிகள் பலவும் அதே நிபந்தனைகளையே வேண்டி நிற்பவை.

இறகினால் கட்டிய பூச்சி

மண்புழுவைக் கோர்த்துத் தூண்டில் போடுவதை நாம் அறிவோம். 'பிளை பிஷிங்' எனப்படும் செயற்கை ஈத் தூண்டில் முறை அதனின்றும் வேறுபட்டது. இங்கு தூண்டில் முள்ளில் இரை எதுவும் இருப்பதில்லை. சேவலின் கழுத்து இறகு, மான் மயிர், பட்டு நூல் ஆகியவற்றை முள்ளின் மீது சுற்றிக் கட்டி, ஒரு பூச்சியைப் போன்ற தோற்றத்தை உண்டாக்குகின்றனர். மீனை ஏமாற்றுவது அந்தத் தோற்றந்தான்.

இந்த உத்தி மிகப் பழமையானது. கி.பி. 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஈலியன் எனும் ரோம எழுத்தாளர், மசிடோனியா நாட்டு ஆறொன்றில் மக்கள் செந்நிறக் கம்பளி நூலையும் சேவல் இறகுகளையும் முள்ளில் கட்டி, நீரின் மேல் பறக்கும் பூச்சியொன்றைப் போலச் செய்து மீன் பிடித்ததை எழுதி வைத்துள்ளார். 1836ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அல்பிரட் ரொனால்ட்ஸ் என்பவர், தூண்டில்காரருக்கான பூச்சியியல் நூலொன்றை வெளியிட்டார். ஓடையில் உண்மையாக வாழும் பூச்சியையும், அதற்கு ஒப்பாகக் கட்டப்படும் செயற்கைப் பூச்சியையும் வண்ணப் படங்களில் அருகருகே காட்டியமையே அந்நூலின் சிறப்பாகும். எந்தப் பூச்சி நீரை விட்டு வெளிவருகின்றதோ அதற்குப் பொருத்தமானதைக் கட்ட வேண்டும் என்பது அன்று முதல் இக்கலையின் அடிப்படை விதியாயிற்று.

ட்றவுட் மீன் உண்பதில் ஒருவகைப் பிடிவாதம் கொண்டது. ஒரு வகைப் பூச்சி பெருந்தொகையாக நீர்மேல் எழும்போது அது மற்ற உணவைப் பெரும்பாலும் புறக்கணித்துவிடும். ஆகவே, தூண்டில்காரர் மீனைத் தேடுமுன் பூச்சியைத் தேட வேண்டியவராகின்றார்.

நான்கு கூட்டத்தார்

ஓடைப் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், தூண்டில்காரருக்கு முக்கியமானவை நான்கு கூட்டங்களே. இவற்றை இனங்காண நுணுக்குக்காட்டி தேவையில்லை. இறகை எவ்வாறு வைத்திருக்கின்றது, வால் எத்தனை என்ற இரண்டு கேள்விகளே பெரும்பாலும் போதுமானவை.

முதலாவது மே ஈ. பெயரில் ஈ இருந்தாலும் இது நமது வீட்டு இலையானுக்கு உறவன்று. ஓய்ந்திருக்கும்போது இறகுகளைப் பாய்மரம் விரித்த படகு போல முதுகின் மேல் செங்குத்தாக நிறுத்தியிருக்கும். உடலின் முடிவில் இரண்டு அல்லது மூன்று நீண்ட வால்கள் இருக்கும். நீருக்குள் வாழும் அதன் இளம்பருவத்தை வயிற்றின் இரு மருங்கிலும் இலைகளைப் போலவோ இழைகளைப் போலவோ அசையும் செவுள்களைக் கொண்டு இனங்காணலாம். ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரே ஒரு நகம் இருக்கும். கல்லோடு ஒட்டி வாழும் சில வகைகளின் உடல் தட்டையாக அழுத்தப்பட்டிருக்கும். எவ்வளவு வேகமாக நீர் பாய்ந்தாலும் அவை அடித்துச் செல்லப்படுவதில்லை.

மே ஈயின் வாழ்க்கை வியப்பிற்குரியது. பல வாரங்களோ மாதங்களோ நீருக்குள் கழித்துவிட்டு, இறகு முளைத்த பின்னர் சில மணி நேரமோ ஓரிரு நாட்களோ மாத்திரம் வாழ்கின்றது. அந்தக் குறுகிய காலத்தில் அது உண்பதே இல்லை; அதற்கேற்ற வாயுறுப்பும் இல்லை. இறகு முளைத்த பின்னரும் மீண்டும் ஒருமுறை தோலுரிக்கும் ஒரே பூச்சிக் கூட்டமும் இதுவே. முதலில் மங்கலான இறகுகளோடு வெளிவந்து, பின்னர் தோலுரித்துக் கண்ணாடி போன்ற இறகுகளைப் பெறுகின்றது. இவ்விரு நிலைகளுக்கும் தூண்டில்காரர் வெவ்வேறு செயற்கைப் பூச்சிகளைக் கட்டுவர்.

இரண்டாவது கெடிஸ் ஈ. முதற் பார்வையில் விளக்கடியில் வந்து விழும் அந்துப்பூச்சி போலவே தோன்றும். இறகுகளைக் கூடாரம் போலச் சரித்து உடலை மூடியிருக்கும். இறகின் மேல் மென்மயிர் படர்ந்திருக்கும். உணர்கொம்புகள் நீண்டவை, வால் கிடையாது. இதன் குடம்பியே ஓடையின் கொத்தனார். வாயிலிருந்து சுரக்கும் பட்டு நூலால் மணற்துகள்களையும் இலைத்துண்டுகளையும் சுள்ளிகளையும் ஒட்டி, தன் உடலுக்கு அளவான குழாய் வீடொன்றை அமைத்து, அதனை இழுத்துக்கொண்டு திரியும். சில வகைகள் வீடு கட்டாமல், கற்களுக்கிடையே சிறு வலையைப் பின்னி, ஓடிவரும் நீரில் அகப்படும் உணவை உண்டு வாழும். இலங்கையின் கெடிஸ் ஈக்கள் பற்றிப் பெர்னான்ட் ஷ்மிட் எனும் அறிஞர் 1958ஆம் ஆண்டு விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது கல் ஈ. இது இறகுகளை முதுகின் மேல் தட்டையாக மடித்து வைத்திருக்கும். வால் இரண்டு, ஒவ்வொரு காலின் நுனியிலும் நகங்கள் இரண்டு. இந்த 'இரண்டு, இரண்டு' என்ற கணக்கை நினைவில் வைத்திருந்தால் மே ஈயின் இளம்பருவத்தோடு இதனைக் குழப்ப வேண்டியதில்லை. நீர்மேல் எழாமல், கல்லின் மீது ஊர்ந்தேறித் தோலுரிப்பது இதன் பழக்கம். ஆகவே, நீர்மட்டத்திற்கு மேலேயுள்ள பாறைகளில் காய்ந்த சட்டை போல ஒட்டியிருக்கும் தோல்களே இதன் இருப்பிற்குச் சான்றாகும். குளிர்நாடுகளில் பல குடும்பங்களாகப் பரந்திருக்கும் இக்கூட்டத்திற்கு இலங்கையில் சில இனங்களே உள்ளன.

நான்காவது இரட்டைச் சிறகிகள். நுளம்பும் அதனையொத்த கடிக்காத சிற்றீக்களும் இதனுள் அடங்கும். பெயருக்கேற்ப ஒரு சோடி இறகு மாத்திரமே இருக்கும், வால் கிடையாது. குடம்பி கால்களற்ற சிறு புழுவைப் போன்றது. கடிக்காத சிற்றீக்களின் குடம்பிகள் சில, செந்நிறமாக இருக்கும். நமது குருதியிலுள்ள ஈமோகுளோபின் போன்ற பொருள் அவற்றின் உடலிலும் இருப்பதே அதற்குக் காரணம். ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் அவற்றால் உயிர்வாழ முடிவது இதனாலேயே.

இந்த நான்கிற்கும் அப்பால் தும்பிகளின் இளம்பருவங்களும் ஓடையில் உண்டு. கரையிலிருந்து தவறி விழும் எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி ஆகியவையும், மழைக்குப் பின் கூட்டமாகப் பறந்து நீரில் விழும் ஈசல்களும் ட்றவுட்டிற்கு விருந்தாகின்றன. புல்வெளிகளுக்கு நடுவே ஓடும் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் கரையிலிருந்து வரும் இந்த உணவையும் அலட்சியப்படுத்த முடியாது.

நாட்காட்டி பயன்படாத நாடு

இங்கிலாந்துத் தூண்டில்காரரிடம் ஒரு நாட்காட்டி இருந்தது. எந்த மாதத்தில் எந்தப் பூச்சி நீரைவிட்டு எழும் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்திருந்தனர். மே ஈ என்ற பெயரே அந்த நாட்காட்டியிலிருந்து பிறந்ததுதான். குளிர்காலத்தில் ஆறுகளின் நீர் குளிர்ந்துவிடுவதால் அங்கு பூச்சிகளின் வளர்ச்சி பருவத்தோடு கட்டுண்டிருக்கின்றது.

நமது மலைநாட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வெப்பவலய ஓடைகளில் பல பூச்சியினங்கள் ஆண்டொன்றில் பல தலைமுறைகளைக் கண்டுவிடுகின்றன. எந்த மாதத்திலும் ஏதேனுமொரு பூச்சி எழுந்துகொண்டே இருக்கும். இங்கு பருவத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மழையே. ஓடை பெருக்கெடுத்தால் கற்கள் புரண்டு பூச்சிகள் அடித்துச் செல்லப்படுகின்றன. வெள்ளம் வடிந்த பின்னர் அவை மீண்டும் குடியேறுகின்றன. எனவே, மாதத்தைப் பார்த்துப் பூச்சியை ஊகிக்கும் சீமை வழக்கம் இங்கு பயன் தராது. கல்லைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். இறகின் நிலையையும் வால்களின் எண்ணிக்கையையும் செவுளின் இடத்தையும் கொண்டு இனங்காணும் முறை, நாட்காட்டியைவிட நமக்கு ஏற்றதாக அமைவது இதனால்தான்.

மீன் நீர்மேல் எழும் விதமும் ஒரு தடயமாகும். கெடிஸ் ஈ வெளிவரும்போது விரைவாக நீரைக் கிழித்துக்கொண்டு பறந்துவிடுவதால், அதனைத் துரத்தும் மீன் நீரைச் சிதறடித்துக்கொண்டு பாயும். முட்டையிட்டு ஓய்ந்து நீர்மேல் விரிந்து கிடக்கும் மே ஈயை உண்ணும் மீனுக்கு அவசரமில்லை. மெல்லிய வட்டமொன்று மாத்திரம் நீரில் விரியும். நீர் கலங்காமல், மீனின் முதுகு மாத்திரம் தென்பட்டு மறைந்தால், நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே எழுந்துவரும் இளம்பருவத்தை அது உண்கின்றது என்பது அனுபவசாலிகளின் கணிப்பாகும்.

தூண்டிலிலிருந்து நீர்ப் பரிசோதனைக்கு

எந்த ஓடையில் மே ஈயும் கல் ஈயும் குறைகின்றனவோ அந்த ஓடையில் ஏதோ கோளாறு நிகழ்ந்திருக்கின்றது என்பதைத் தூண்டில்காரர் கண்கூடாக அறிந்திருந்தனர். விஞ்ஞானிகள் அந்த அறிவை அளவுகோலாக்கினர். 1970களில் பிரித்தானியாவில் உருவாக்கப்பட்ட முறையொன்றில், ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்திற்கும் 1 முதல் 10 வரை புள்ளிகள் வழங்கப்பட்டன. மாசைச் சிறிதும் தாங்காத தட்டை உடல் மே ஈக்கும் கல் ஈ வகைகள் பலவற்றிற்கும் 10 புள்ளிகள். செந்நிறக் குடம்பிகளை உள்ளடக்கிய சிற்றீக் குடும்பத்திற்கு 2. சேற்றுப் புழுக்களுக்கு 1. ஓடையில் கிடைத்த குடும்பங்களின் புள்ளிகளைக் கூட்டினால் நீரின் நிலை தெரிந்துவிடும். வெவ்வேறு நாடுகள் தத்தமது பூச்சிகளுக்கேற்ப இந்த அட்டவணையைத் திருத்திப் பயன்படுத்துகின்றன.

இரசாயனப் பரிசோதனைகள் இருக்கும்போது பூச்சிகளைப் பார்ப்பது எதற்காக என்ற வினா எழலாம். போத்தலில் எடுக்கப்படும் நீர் அந்தக் கணத்தின் நிலையை மாத்திரமே கூறும். நள்ளிரவில் ஒருவர் ஓடையில் நஞ்சைக் கலந்துவிட்டால், விடியும்போது அது பல மைல் தூரம் போயிருக்கும். காலையில் எடுக்கப்படும் நீர் தூயதெனவே சான்றளிக்கும். பூச்சியோ மாதக்கணக்கில் அதே கல்லின் அடியில் வாழ்ந்திருக்கின்றது. இரவில் நடந்ததற்கும் அது சாட்சி. அது அங்கே இல்லாமற்போவதே அதன் வாக்குமூலம்.

இதற்கு வரலாற்றில் பெரியதோர் உதாரணம் உண்டு. அமெரிக்காவிற்கும் கனடாவிற்கும் இடையேயுள்ள ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் மே ஈக்கள் ஒவ்வொரு கோடையிலும் கோடிக்கணக்கில் எழுவது வழக்கம். 1953ஆம் ஆண்டு, கழிவுகளால் ஏற்கெனவே நலிந்திருந்த ஏரியின் அடித்தளத்தில் ஒட்சிசன் தீர்ந்தபோது அவற்றின் இளம்பருவங்கள் மாண்டொழிந்தன. பின்னர் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கு அவை பெருந்தொகையில் காணப்படவில்லை. ஏரியில் கலக்கும் கழிவுகள் கட்டுப்படுத்தப்பட்டு நீண்டகாலம் சென்ற பின்னர், 1990களிலேயே அவை திரும்பி வந்தன. கரையோர நகரங்களின் தெருவிளக்குகளை அவை மொய்த்துத் தொல்லை கொடுத்தபோதும், ஏரி மீள்கின்றது என்பதற்கான அறிகுறியாகவே விஞ்ஞானிகள் அதனை வரவேற்றனர்.

பிரித்தானியாவில் தூண்டில்காரர்களே இப்பணியில் நேரடியாக இறங்கினர். 2007 முதல் அங்கு நாடளாவிய திட்டமொன்று நடைமுறையில் உள்ளது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் குறிப்பிட்ட இடங்களில் மூன்று நிமிடங்கள் ஓடையின் அடித்தளத்தைக் காலால் கலக்கி, வலையில் அகப்படும் பூச்சிகளை எட்டுப் பிரிவுகளாக எண்ணுகின்றனர். எண்ணிக்கை குறிப்பிட்ட மட்டத்திற்குக் கீழே இறங்கினால் உரிய அதிகாரிகளுக்கு உடனே அறிவிக்கின்றனர். பட்டதாரிகள் மாத்திரம் செய்யக்கூடிய பணியன்று இது.

முகத்துவாரம் வரை

இவையெல்லாம் நுவரெலியாவின் கதை, நமக்கென்ன என்று கொழும்பில் வாழ்பவர்கள் ஒதுங்கியிருக்க முடியாது. ஹோர்ட்டன் சமவெளியையும் சிவனொளிபாதமலையையும் சூழ்ந்த உயர்நிலங்களிலேயே மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் ஊற்றுக்கண்கள் அமைந்துள்ளன. பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடாக இறங்கிவரும் ஓயாக்கள் இணைந்து களனி கங்கையாகின்றன. ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிய பின்னர் அது கடலில் கலக்கின்றது. கொட்டாஞ்சேனைக்கு வடக்கே அது கடலைச் சேரும் இடத்திற்கு நம் முன்னோர் இட்ட பெயர் முகத்துவாரம். கடலை அடையுமுன் அம்பத்தளையில் எடுக்கப்படும் நீரே சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பின் பெரும்பகுதிக்குக் குடிநீராக வழங்கப்படுகின்றது. சமையலுக்கும் வுழூச் செய்வதற்கும் பூசைக்கும் நாம் திறக்கும் குழாயின் மறுமுனை மலைநாட்டு ஓடையொன்றின் கற்களுக்கிடையே இருக்கின்றது.

அந்த ஆற்றின் நலிவை நாம் அனுபவித்தும் இருக்கின்றோம். 2015 ஆகஸ்ட் மாதத்தில் பியகமைப் பகுதியில் ஏற்பட்ட எரிபொருட் கசிவு களனி கங்கையில் கலந்தபோது நீர் விநியோகம் பாதிக்கப்பட்டது. கண்ணுக்கும் மூக்கிற்கும் புலப்படும் இத்தகைய மாசு உடனே செய்தியாகிவிடுகின்றது. மேலே, ஓடைகளின் தொடக்கத்தில் நிகழும் மாசு அவ்வாறு புலப்படுவதில்லை. செங்குத்தான சரிவுகளில் செய்யப்படும் மரக்கறிச் செய்கையிலிருந்து மழையோடு கழுவிவரும் மண், கற்களுக்கிடையேயுள்ள இடைவெளிகளை அடைத்துவிடுகின்றது. பூச்சிகொல்லிகள் பயிரிலுள்ள பூச்சிக்கும் ஓடையிலுள்ள பூச்சிக்கும் வேறுபாடு அறியமாட்டா. நீரில் மிகச் சிறிய அளவிலேயே மே ஈயின் இளம்பருவங்களைக் கொல்லக்கூடியவை அவற்றுள் உண்டு. இந்த நீரை முதலில் பயன்படுத்துவோர் கொழும்பு மக்கள் அல்லர். லயன் வீடுகளில் வாழ்ந்து, பீலியில் வழியும் நீரிலேயே குளித்தும் குடித்தும் வரும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களே முதலில் பாதிக்கப்படுபவர்கள் என்பதை மறந்துவிடலாகாது.

வாய்க்காலின் வாக்குமூலம்

வெள்ளவத்தை வாய்க்காலையும் அதனோடு தொடர்புடைய கிருலப்பனை, தெஹிவளை வாய்க்கால்களையும் இந்தக் கண்ணோடு நோக்கினால் என்ன தெரியும்? கழிவுநீர் தேங்கும் இத்தகைய நீரில் மே ஈயையும் கல் ஈயையும் எதிர்பார்க்க முடியாது. சேற்றைக் கிளறினால் கிடைப்பவை செந்நிறக் குடம்பிகளும் சேற்றுப் புழுக்களுமே. மாலை வேளையில் வாய்க்காலோர வீடுகளின் விளக்குகளைச் சுற்றும் சிற்றீக்கள் இந்தக் குடம்பிகளிலிருந்து வந்தவையே. அவற்றை நுளம்பு என்று கருதி மக்கள் அஞ்சுவதுண்டு.

இனங்காணும் அறிவு இங்கு நேரடியாகப் பயன்படுகின்றது. நுளம்பிற்குக் குத்தி உறிஞ்சும் நீண்ட ஊசிவாய் உண்டு. கடிக்காத சிற்றீக்கு அது இல்லை. சுவரில் அமர்ந்திருக்கும்போது நுளம்பு பெரும்பாலும் பின்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். சிற்றீ முன்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். மேலும், டெங்கு நுளம்பு வாய்க்காலின் அழுக்கு நீரில் அன்றி, பூச்சாடித் தட்டிலும் கூரைப் பீலியிலும் வீசியெறியப்பட்ட பிளாஸ்ரிக் கோப்பையிலும் தேங்கும் தெளிந்த நீரிலேயே பெருகுகின்றது. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். எது நுளம்பு, எது நுளம்பன்று என்பதையும், எது எந்த நீரில் வளர்கின்றது என்பதையும் அறியாத சமூகம், வாய்க்காலைத் திட்டிக்கொண்டே தன் வீட்டு முற்றத்தில் டெங்குவை வளர்த்துக்கொண்டிருக்கும்.

2018ஆம் ஆண்டு கொழும்பு மாநகரம் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அந்தப் பெருமைக்கு உரிய பொருள் இருக்க வேண்டுமாயின், நகரத்து நீரில் வாழும் உயிர்களையும் நகரத்து மக்கள் பெயர்சொல்லி அறிந்திருக்க வேண்டும்.

மீனுக்கும் ஒரு வார்த்தை

ட்றவுட்டைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த மீன், நமது ஓடைகளின் பூர்வீக உயிர்களை உண்டே வளர்கின்றது. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளுக்கே உரிய நன்னீர் இறாலினம் ஒன்று உண்டு. அதற்கு ட்றவுட் ஓர் அச்சுறுத்தலாகக் கருதப்படுகின்றது. 1988இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியின் ஓர் அங்கமாகச் சேர்க்கப்பட்ட அந்தச் சமவெளியில், பூச்சியாயினும் மீனாயினும் அனுமதியின்றிப் பிடிப்பது சட்டவிரோதமாகும். துரைமார் கொண்டுவந்த மீன் அவசியந்தானா என்று விவாதிக்கலாம். அவர்கள் விட்டுச்சென்ற பார்வை அவசியமானது என்பதில் விவாதத்திற்கு இடமில்லை.

செய்யக்கூடியது என்ன?

பூங்காக்களுக்கு வெளியே, ஊர் நடுவே ஓடும் ஓடைகளில் பாடசாலை மாணவர்கள் இந்தப் பயிற்சியை மேற்கொள்ளத் தடையேதும் இருக்க நியாயமில்லை. தேவையானவை ஓர் அரிதட்டு, வெள்ளை நிறத் தட்டொன்று, சிறிய தூரிகை, கைக்கண்ணாடி ஆகியனவே. முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட ஆழமுள்ள இடத்தில், ஆசிரியரின் மேற்பார்வையில், அரிதட்டை நீரோட்டத்திற்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேற்பக்கமுள்ள கற்களை மெதுவாகக் கலக்க வேண்டும். அகப்பட்டவற்றைச் சிறிதளவு நீரோடு வெள்ளைத் தட்டில் இட்டால் அசையும் உயிர்கள் தெளிவாகத் தெரியும். வால் எத்தனை, நகம் எத்தனை, செவுள் எங்கே, வீடு கட்டியிருக்கின்றதா என்று பார்த்து எண்ணிக் குறித்துக்கொண்டு, பூச்சிகளை உயிரோடு திரும்ப விட்டு, புரட்டிய கற்களை இருந்தபடியே வைத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் ஓடை பெருகியிருக்கும்போது இறங்கவே கூடாது.

மஸ்கெலியாவிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றும் கொட்டாஞ்சேனையிலுள்ள பாடசாலையொன்றும் வெள்ளவத்தையிலுள்ள பாடசாலையொன்றும் ஒரே மாதத்தில் தத்தமது நீரைப் பார்த்துக் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டால், ஓர் ஆற்றின் முழு வரலாறும் ஒரு கொப்பியில் அடங்கிவிடும். மேலே மே ஈ எத்தனை, கீழே செந்நிறக் குடம்பி எத்தனை என்ற கணக்கு, பாடப்புத்தகத்தில் மாசடைதல் என்ற தலைப்பில் மனனஞ் செய்யும் பத்துப் பந்திகளைவிட ஆழமாக மாணவர் மனதில் பதியும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் அதுவே அதிகாரிகள் முன் வைக்கத்தக்க சான்றாகவும் அமையும்.

பூச்சிகளுக்கு நாம் இன்னும் பொருத்தமான தமிழ்ப் பெயர்களைக்கூட இடவில்லை. தும்பிக்கும் ஈசலுக்கும் பெயரிட்ட மொழி, மே ஈக்கும் கெடிஸ் ஈக்கும் பெயரிட முடியாத மொழியன்று. பெயர் தெரியாத ஒன்று அழிந்துபோனால், அதற்காகக் குரல் எழுப்பவும் ஆளிருக்காது. அடுத்த விடுமுறையில் மலைநாட்டிற்குச் செல்லும் குடும்பங்கள், பிள்ளைகளோடு ஓர் ஓடைக்கரையில் பத்து நிமிடம் குனிந்து நின்று ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்கட்டும். வீடு திரும்பிக் குழாயைத் திறக்கும்போது, அந்த நீர் எங்கிருந்து வருகின்றது என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.